கெமர் பிள்ளையாருக்கு முன்னால் கழற்றிய சப்பாத்துகள்

மொன்றியல் நகரில் நடக்கும் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் தலைவர் இல்-பிசார் தீவில் சொந்த வீட்டில் இருக்கிறார். வகுப்பு நடப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில். இரண்டுக்கும் இடையில் ஒரு பாலமும் நெடுஞ்சாலையும் பனிக்காலத்து வாகன நெரிசலும் இருக்கின்றன. அதனால் அவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். வந்து ஜக்கற்றைக் கழற்றியதும் நேரம் தவறாமையைப் பற்றிப் பேசுவார்.

அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் இல்லாவிட்டால் அந்த வகுப்பே இல்லை. அறையின் சூடாக்கி பழுதானால் தேவாலயக்காரரோடு சண்டை பிடிப்பவர் அவர். ஆசிரியை வராத நாளில் தானே சோக்கட்டியை எடுப்பவரும் அவர். அந்த நல்ல மனிதருக்கு இருந்த ஒரே மனக்குறை, தமிழர் கட்டாத கட்டடங்களும் உலகத்தில் உண்டு என்பதுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர் பிள்ளைகளையும் எங்களையும் ஒன்றாக இருத்தி அறிவித்தார்.

"வாற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மியூசியத்துக்குப் போறம். பழைய கெமர் ராச்சியத்தின்ர கண்காட்சி வந்திருக்கு. கெமர் எண்டால் கம்போடியா. அங்கோர் வாட் எண்டு கேள்விப்பட்டிருப்பியள். அதை ஆர் கட்டினது, சொல்லுங்கோ பாப்பம்?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏழு வயதான என் மகன் கையை உயர்த்தி, "கம்போடியாக்காரர்?" என்றான்.

தலைவர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் சொல்லித் தருவினம்," என்றார்.

அன்று இரவே வட்ஸ்அப்பில் விபரம் வந்தது. ஆண் பிள்ளைகள் வேட்டி, பெண் பிள்ளைகள் பாவாடை தாவணி. சிலைகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுப்பதாகத் திட்டம். வெளியில் குளிர் எலும்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை பார்க் மெட்ரோ நிலையத்தில் பிள்ளைகள் நின்ற கோலத்தை நான் இன்றும் நினைத்துச் சிரிப்பேன். பனிக் காற்சட்டைக்கு மேல் வேட்டி, அதற்கு மேல் முழங்கால்வரை ஜக்கற், தலையில் ஹொக்கித் தொப்பி. என் மகனின் வேட்டி படியில் ஏறும்போது அவிழ, முன்பின் தெரியாத ஒரு கிரேக்கக் கிழவி அதைப் பிடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மட்டக்களப்பு, கிறிஸ்தவக் குடும்பம். கணவர் யாழ்ப்பாணத்துச் சைவர். எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சுவரில் சிலுவையும் எதிர்ச் சுவரில் பிள்ளையார் படமும் இருக்கின்றன. இருவருக்கும் நடுவில் தொலைக்காட்சி இருப்பதால் இதுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. ஒரு garderie-யில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்கிறேன். அங்கே சின்னப் பிள்ளைகளோடு பழகிப் பழகி என் பிரெஞ்சு ஒரு மாதிரியாக வளர்ந்திருக்கிறது. கை கழுவு, கடிக்காதே, வரிசையில் நில், தள்ளாதே. இதற்கு அப்பால் யாராவது பேசினால் தலையாட்டுவேன்.

கணவருக்கு ஞாயிறும் வேலை. அவருக்குப் பதிலாக அவருடைய அக்கா, என் மச்சாள், மொன்றியல்-நோரில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். மச்சாளுக்குச் சரித்திரத்தில் அக்கறை இல்லை. "சாமிச் சிலையள் வந்திருக்காம், ஒருக்காப் பாத்திட்டு வருவம்," என்பதுதான் அவர் வந்த காரணம். கைப்பையில் திருநீறு வைத்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.

மியூசியத்தில் எங்களுக்காக ஒரு வழிகாட்டிப் பெண் காத்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கட்டையாக வெட்டிய முடி, கழுத்தில் ஒரு சின்ன மைக். பிரெஞ்சா ஆங்கிலமா என்று கேட்டாள்.

"பிரெஞ்ச்!" என்றார் தலைவர் நிமிர்ந்து நின்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பெற்றார் யோசிக்கத் தேவையில்லை. நான் தமிழில சொல்லுறன்," என்றார்.

முதலில் அவள் விதிகளைச் சொன்னாள். தொடாதே, ஓடாதே, வரிசையில் நில், சாப்பிடாதே. எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அடடா, என் பிரெஞ்சு இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சரித்திரத்துக்குள் போய்விட்டாள். நான் தலையாட்டத் தொடங்கினேன்.

முதல் மண்டபத்தில் மங்கலான வெளிச்சத்தில் ஒரு பெரிய விஷ்ணு நின்றார். மணற்கல். கைகள் முழங்கைக்கு மேல் உடைந்திருந்தன, முகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. பார்த்ததும் பிள்ளைகளின் சத்தம் தானாகவே அடங்கியது. வழிகாட்டி இரண்டு வசனம் பேசினாள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"இவ என்ன சொல்லுறா எண்டால், ஆயிரத்து முன்னூறு நானூறு வருசத்துக்கு முன்னம் எங்கட ஆக்கள் கப்பல் கட்டிக் கடல் தாண்டி அங்க போயிருக்கினம். அங்க இருந்தவைக்கு ஒண்டும் தெரியாது. கோயில் எண்டால் என்ன, குளம் எண்டால் என்ன, எல்லாம் நாங்கள்தான் காட்டிக் குடுத்தது. ராசாமாரின்ர பேரைப் பாருங்கோ. எல்லாம் வர்மன், வர்மன் எண்டு முடியும். பல்லவரும் வர்மன்தானே? விளங்குதோ?"

இரண்டு வசனத்துக்குள் இவ்வளவு இருந்ததா என்று நாங்கள் வியந்து நின்றபோது, பதினொரு வயதான என் மகள் என் கையைச் சுரண்டினாள்.

"அம்மா, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"என்ன சொன்னவ?"

"இந்தச் சிலை ஒரே கல்லில செய்தது எண்டு சொன்னவ. பிறகு, flash போடாதைங்கோ எண்டு."

மகள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மண்டபத்தில் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரும் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறவர்கள். தலைவர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "அவ சொல்லாட்டிலும் அதுதான் கருத்து," என்றார்.

அதன் பிறகு எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைகள் வழிகாட்டியைச் சுற்றி நின்றார்கள். பெற்றோர் தலைவரைச் சுற்றி நின்றோம். நேரடியாகச் சொன்னால், தலைவரின் பக்கம்தான் சுவாரசியம். வழிகாட்டி ஒவ்வொன்றையும் "இருக்கலாம்", "ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்", "உறுதியாகத் தெரியாது" என்று இழுத்தாள். தலைவருக்கு எல்லாமே உறுதியாகத் தெரிந்திருந்தது. என் மகள் இடையிடையே வந்து உண்மையைச் சொல்ல முயன்றாள். ஒரு தகப்பன், "பிள்ளை, கொஞ்சம் பொறும்மா, ஐயா கதையில போருக்கு வந்திட்டார்," என்று அவளைத் தடுத்தார்.

கல்வெட்டு ஒன்றின் முன்னால் தலைவருக்கு உண்மையாகவே ஒரு வெற்றி கிடைத்தது. கெமர் எழுத்து தென்னிந்தியாவில் இருந்து போன எழுத்தில் இருந்து பிறந்தது என்று வழிகாட்டி சொன்னாள். மகளும் "ஓம், அப்பிடித்தான் சொன்னவ," என்று ஒப்புக்கொண்டாள். தலைவரின் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லைக் கோயில் மூலஸ்தானத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பிள்ளையள், கிட்ட வாங்கோ. இது எங்கட எழுத்து. ஆராவது ஒரு எழுத்தை வாசியுங்கோ பாப்பம்."

பிள்ளைகள் மூக்கு கண்ணாடியில் படும்படி குனிந்தார்கள்.  கடைசியில் என் மகன் நிமிர்ந்தான்.

"இது தமிழா?"

"ஓம் ராசா, தமிழ் மாதிரித்தான்."

"அதுதான் எனக்கு வாசிக்கத் தெரியேல்லை," என்றான் நிம்மதியாக.

நான்கு வருடமாகச் சனிக்கிழமை தோறும் அவனை அந்த வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தலைவர் என்னைப் பார்த்தார். நான் கல்வெட்டைப் பார்த்தேன்.

அடுத்த மண்டபத்தில் தலையில்லாத உடல்களும் உடலில்லாத தலைகளும் தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தன. யார் வெட்டினது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அங்கே நீண்ட காலம் யுத்தம் நடந்தது, அந்த நேரத்தில் கள்வர்கள் வெட்டி எடுத்து வெளிநாட்டுக்கு விற்றார்கள் என்று வழிகாட்டி விளங்கப்படுத்தினாள். யுத்தம் என்ற சொல் எங்களுக்கு எந்த மொழியிலும் விளங்கும். 

"அப்ப இதுகள் இங்க எப்பிடி வந்தது? இதுவும் களவெடுத்ததா?" என்று மகன் பிரெஞ்சில் கேட்டானாம்.

வழிகாட்டி சிவந்துபோய், இல்லை, இவை இரவல், கண்காட்சி முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள்.

மகன் யோசித்தான். பிறகு என்னிடம் ஓடிவந்து தமிழில் அறிவித்தான். "அம்மா, சிலையெல்லாம் ஊருக்குத் திரும்பிப் போன அப்பப்பா மாதிரி. விசிட்டர் விசா."

"திருப்பிப் போகவேணுமாமோ?" என்று மச்சாள் கவலையோடு கேட்டார். "பாவங்கள். இந்தக் குளிருக்குள்ள வந்து போட்டு. எக்ஸ்டென்ஷன் போடேலாதாமோ?"

அதற்கு அடுத்தது புத்தர் மண்டபம். பிற்காலத்து அரசர்கள் புத்த சமயத்துக்கு மாறினார்கள். பாம்பு ஒன்று படம் விரித்துக் குடை பிடிக்க, அதன் சுருளில் கண் மூடி அமர்ந்த புத்தர். அந்தக் கண்காட்சியிலேயே அழகான சிலை அதுதான் என்று எனக்குப் பட்டது. வழிகாட்டியும் அதைப் பற்றி நீண்ட நேரம் உருகி உருகிப் பேசினாள். அவள் முடிக்கும்வரை தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தோம்.

"இது வேற," என்றார் அவர். "வாங்கோ போவம்."

இலங்கையில் இருந்து வந்த எங்களில் ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிள்ளையார் கடைசி மண்டபத்துக்கு முந்திய மண்டபத்தில் இருந்தார். நாங்கள் பழகிய பிள்ளையார் இல்லை. தலையில் கிரீடம் இல்லை, தொந்தியில் ஆபரணம் இல்லை, இரண்டே கைகள். காட்டு யானைக் குட்டி ஒன்று சப்பாணி கட்டி இருந்து யோசிப்பதுபோல இருந்தார். எப்படி இருந்தாலும் மச்சாளுக்கு ஆளைத் தெரியாமல் போகுமா? "என்ர அப்பனே!" என்று ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் சுவரோடு சாய்ந்து நின்று தன் பனிச் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், என்ன செய்றீங்க?"

"சாமிக்கு முன்னால சப்பாத்தோட நிக்கிறதே? நீர் கழட்டேல்லையோ?"

"மச்சாள், இது கோயில் இல்ல. மியூசியம்."

"கட்டடம் மியூசியம். உள்ள இருக்கிறவர் ஆர்?"

 மச்சாள் தன் சப்பாத்துகளைச் சுவரோரம் சோடியாக வைத்துவிட்டு, திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு கண்ணை மூடினார். பின்னால் வந்த இரண்டு தாய்மார் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள். பிள்ளைகளுக்குக் கேட்கவும் வேண்டுமா? காலையில் இருந்து அந்தக் கனத்த சப்பாத்துகளோடு நடந்து களைத்தவர்கள், நொடிக்குள் கழற்றி எறிந்தார்கள். எல்லோரும் சொக்ஸோடு நிற்கும் இடத்தில் நான் மட்டும் சப்பாத்தோடு நிற்பது ஏதோ பெரிய குற்றம் செய்வதுபோல இருந்தது. என் கர்த்தரிடம் மனதுக்குள் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு நானும் கழற்றினேன். வலது சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது.

தலைவர் அப்போதுதான் உள்ளே வந்தார். சுவரோரம் உருகிய பனி வழிய வரிசையாக நின்ற சப்பாத்துகளைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"என்ன இது? வெள்ளையள் பாக்கினம். மானம் போகுது. போடுங்கோ, போடுங்கோ."

வெள்ளையர்கள் உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். வயதான ஒரு கெபெக் தம்பதி. கணவர் சிவப்புக் கழுத்துத்துணி சுற்றியிருந்தார். இருவரும் எங்கள் கால்களைப் பார்த்தார்கள், சப்பாத்து வரிசையைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த விளக்கக் குறிப்பை மேலிருந்து கீழாகப் படித்தார்கள். பிறகு தங்களுக்குள் ஏதோ மெல்லப் பேசிவிட்டு, கிழவர் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதைக் கழற்றினார். அவர்களுக்குப் பின்னால் வந்த இரண்டு மாணவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் கழற்றினார்கள். தன் மகளோடு வந்த ஓர் ஆசிய மனிதரும் கழற்றினார். வரிசை வாசல்வரை நீண்டது.

தலைவர் இதையெல்லாம் பார்த்தார். தன் கறுப்புத் தோல் சப்பாத்துகளைக் கழற்றிக் கிழவரின் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அந்தத் தம்பதியிடம் போய், இது எங்களுடைய ஐயாயிரம் வருடப் பண்பாடு என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். கிழவி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டாள்.

காவலர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். சப்பாத்துகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒருவரும் தொடவில்லை. படம் எடுப்பவர்களும் flash போடவில்லை. சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"யார் இதைக் கழற்றச் சொன்னது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். சிவப்புக் கழுத்துத்துணிக் கிழவர், "ஏன், இங்கே அதுதானே விதி?" என்று கேட்டார்.

என் மகள் முன்னால் போனாள். தன் மாமி கும்பிடுகிறார் என்று சொன்னாள். காவலர் மச்சாளைப் பார்த்தார். மச்சாள் கண் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவர் கேட்க, மகள் வந்து மச்சாளின் சேலையை இழுத்தாள்.

"மாமி, எவ்வளவு நேரம் கும்பிடுவீங்கள் எண்டு கேக்கிறார்."

"ஒரே ஒரு தேவாரம். முடிஞ்சிடும் எண்டு சொல்லு."

"ஒரு பாட்டாம்," என்றாள் மகள் அவரிடம்.

காவலர் கையில் இருந்த வோக்கி-டோக்கியில் யாரோடோ பேசினார். "ஒரு பாட்டாம்," என்று அவர் சொன்னது எனக்கும் விளங்கியது.  அந்தப் பக்கம் இருந்து ஏதோ சொன்னார்கள். காவலர் கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

மச்சாள் பாடினார். வீட்டில் அவர் பாடினால் பிள்ளைகள் அறையைப் பூட்டிக்கொள்வார்கள். அன்று அந்த உயரமான கூரைக்குக் கீழே அந்தக் குரல் வேறு மாதிரிக் கேட்டது. முதல் வரி நடுங்கியது, இரண்டாவது வரியில் நிலைத்தது.  கிறிஸ்தவப் பெண் என்பதை ஒரு கணம் மறந்து நானும் கை கூப்பினேன். பாட்டு முடிந்ததும் மண்டபத்தில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். காவலரும் தட்டினார்.

மச்சாள் கண்ணைத் திறந்து கோபத்தோடு சுற்றிப் பார்த்தார். "என்னப்பா, சாமிக்கு முன்னால நிண்டு கை தட்டுறாங்கள்? கோயில் பழக்கவழக்கம் ஒண்டும் தெரியாதோ?"

சரித்திரத்தை ஒரு பக்கம் வைத்தாலும், அது கோயில்தான் என்பதற்கு அடுத்த நிமிடமே அத்தாட்சி கிடைத்தது. எல்லோரும் முண்டியடித்துச் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு கலைந்தபின் பார்த்தால், தலைவரின் சப்பாத்துகளைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் வேறு ஒரு சோடி கறுப்புச் சப்பாத்துகள் கிடந்தன, இரண்டு அளவு சின்னவை. வழிகாட்டி தேடினாள், காவலர் தேடினார். வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைவர் சொக்ஸோடு நடந்து போய் மியூசியத்தின் முன்கூடத்தில் இருந்த வாங்கில் குந்தினார்.

துணைக்கு நானும் மகளும் பக்கத்தில் இருந்தோம். அதே வாங்கின் மறுமுனையில் அந்த ஆசிய மனிதர் தன் மகளுக்கு ஜக்கற் மாட்டிக்கொண்டிருந்தார். தலைவர் தாழ்ந்த குரலில் எங்கிருந்து என்று ஆங்கிலத்தில் கேட்டார். கம்போடியா என்றார் அவர்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலில் சப்பாத்து இல்லாததும் அவருக்கு மறந்து போயிற்று. அந்த மனிதருக்குப் பிரெஞ்சுதான் சரளம் என்பதால் என் மகளைப் பிடித்தார். "பிள்ளை, இவருக்குச் சொல்லு. உங்கட அங்கோர் வாட்டைக் கட்டினது எங்கட ஆக்கள் எண்டு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? "சொல்லு மகள்," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அந்த மனிதர் தலைவரைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு மிகவும் மரியாதையாக இரண்டு வசனம் சொன்னார். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னவாம்?" என்றார் தலைவர்.

"மெர்சி, நன்றியாம். ஆனா இப்ப மழைக்குச் சில இடத்தில ஒழுகுதாம். கட்டினது நீங்கள் எண்டால், வாரண்டி இன்னும் இருக்கா எண்டு கேக்கிறார்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தலைவர் திகைத்துப்போய் அந்த மனிதரைப் பார்க்க, அவருடைய வாயோரம் மெல்லக் கோணியது. அடுத்த கணம் தலைவர் வெடித்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வகுப்பிலும் கூட்டங்களிலும் அவர் சிரிப்பதற்கு முன் யோசிப்பவர்.

அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் என் மகளை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்த மனிதர் பிறந்தது தாய்லாந்து எல்லையில் ஓர் அகதி முகாமில். அங்கோர் வாட்டை அவரும் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவருடைய மகளிடம் வகுப்பில் கம்போடியா எங்கே என்று கேட்டார்களாம். அவள் வரைபடத்தில் சீனாவைக் காட்டினாளாம். அதுதான் கூட்டி வந்தேன் என்றார். அவருடைய தாய் தகப்பன் வர மறுத்துவிட்டார்கள். ஊரில் இருந்து உடைந்துபோய் வந்தவற்றைத் தாங்கள் வீட்டிலேயே முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கிறோம் என்றார்களாம்.

தலைவர் இதற்குச் சமமாக ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தன் சொக்ஸைப் பார்த்துக்கொண்டு, "எங்கட பிள்ளையள் இலங்கையை இந்தியாவோட ஒட்டித்தான் கீறுவினம். இடையில கடல் இருக்கெண்டு சொன்னாலும் நம்பமாட்டினம்," என்றார்.

மகள் அதையும் மொழிபெயர்த்தாள். கடைசி வசனத்தைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கினாள். அவளும் அப்படித்தான் வரைந்தவள்.

சற்று நேரத்தில் சிவப்புக் கழுத்துத்துணிக் கிழவர் பனி படிந்த தொப்பியோடு மூச்சிரைக்க உள்ளே வந்தார். மனைவி பின்னால். மெட்ரோவரை போய்விட்டார்களாம். நடக்க நடக்கக் கால் நோகாமல் இருந்ததாம். நாற்பது வருடத்தில் தன் சப்பாத்து ஒரு நாளும் இவ்வளவு சுகமாக இருந்ததில்லையே என்று சந்தேகம் வந்து குனிந்து பார்த்தாராம். மன்னிப்புக் கேட்டபடி கழற்றிக் கொடுத்தார். கொடுக்க மனம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கிழவர், தலைவர் அதை எந்தக் கடையில் வாங்கினார் என்று அவரிடமே கேட்டு, மனைவியின் கைபேசியில் குறித்துக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்துக்குப் பின் எங்கள் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. வேட்டி தாவணியோடு பிள்ளைகள் விஷ்ணுவுக்கு முன்னால் நிற்கும் பெரிய படம். கீழே, மொன்றியலில் தமிழ்ச் சிறார்களின் வரலாற்றுப் பயணம் பல்லின மக்களின் பாராட்டைப் பெற்றது என்றும், மண்டபமே எழுந்து நின்று கரவொலி எழுப்பியது என்றும், கம்போடிய மக்களின் சார்பில் ஒருவர் தமிழரின் கட்டடக் கலைப் பங்களிப்புக்கு நன்றி தெரிவித்தார் என்றும் எழுதியிருந்தார்கள். ஒரு வசனமும் பொய் இல்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. மண்டபத்தில் இருக்கை இல்லாததால் எல்லோரும் எழுந்துதான் நின்றோம். வாரண்டி விடயத்துக்கு இடம் போதவில்லை போலும்.

பத்திரிகை வருவதற்கு முன்பே என் மகளும் அந்தக் கம்போடியப் பிள்ளையும் கைபேசியில் சிநேகிதமாகிவிட்டார்கள். அவர்களும் எங்கள் பக்கம்தான், ஜோன்-தலோன் வீதிக்கு அந்தப் பக்கம். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து அந்தப் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மச்சாளும் அன்று வந்திருந்தார். பிள்ளை வரவேற்பறையில் பிள்ளையார் படம் இருந்த சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகம் மலர, பிரெஞ்சில் படபடவென்று ஏதோ கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் மச்சாள்.

மகள் சிரித்தாள். "எங்கட நாட்டுச் சாமி உங்கட வீட்டில என்னெண்டு எண்டு கேக்கிறா. நீங்களும் கம்போடியாவோ எண்டு."

  மச்சாள் பிள்ளையாரைப் பார்த்தார், அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தார். சமயம், சரித்திரம், வர்மன், கப்பல் என்று தலைவரிடம் கேட்டதெல்லாம் அவருக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"ஓம் எண்டு சொல்லு," என்றார் கடைசியில். "சொல்லிப்போட்டு, கை கழுவிக்கொண்டு வரச் சொல்லு. ரொட்டி ஆறுது."

கை கழுவு என்பதை நானே பிரெஞ்சில் சொன்னேன்.